ரங்கூன் ஆற்றுக் கணக்கில் ஒரு குளிர்கடல்

ரங்கூன் ஆற்றில் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதில் ஒரு தடவையாவது கால் நனைத்திருக்கிறாயா என்று கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும்.

ரங்கூனின் கியாக்டடா பகுதியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் இருபத்தாறு வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். காலையில் போனதும் முதல் வேலை, அச்சடித்த அட்டவணையைப் பார்த்து அன்றைய ஏற்றம் எத்தனை மணிக்கு, வற்றம் எத்தனை மணிக்கு என்று வெள்ளைப் பலகையில் எழுதுவது. எங்கள் ஆறு லேசுப்பட்ட ஆறு இல்லை. கடல் உள்ளே தள்ளும்போது ஒரு மாடி உயரத்துக்கு ஏறும். இறங்கும்போது மரம், படகு, மூங்கில் தெப்பம் என்று அகப்பட்டதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும். பெரிய கப்பல்கள் ஏற்றத்தைப் பிடித்துத்தான் உள்ளே வர முடியும். ஆகவே உலகத்துக் கப்பல்களெல்லாம் என் பலகையைப் பார்த்துத்தான் நகர்கின்றன என்ற எண்ணம் எனக்கு எப்படியோ வந்துவிட்டது. கப்பல்காரர்களிடம் சொந்தமாக அட்டவணை இருக்கிறது என்று ஆபீஸில் யாராவது சொன்னால் அன்று முழுவதும் அவர்களோடு பேச மாட்டேன்.

எனக்கு ஒரே மகள். ஜப்பானின் வடக்குத் தீவில், கடலோர ஊர் ஒன்றில், வயதானவர்கள் தங்கும் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். மிங்கலாடோன் விமான நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டுத் தின்கன்ஜூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய அன்று, வண்டி ஓட்டிய அவள் அப்பா இரண்டு இடத்தில் வழி தப்பினார். போன முதல் வருடமே அவள் ஒரு பைத்தியக்காரத்தனம் கற்றுக்கொண்டாள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போவது. அதுவும் குளிர்கடல். அந்தப் பக்கம் ஏப்ரலில் கடல் ஆறு டிகிரிதான் இருக்குமாம். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்கூடக் கரண்ட் இருக்கும் நாளில்தான் அந்த நிலைக்கு வரும்.

“எதுக்குடி இந்த வேண்டாத வேலை?” என்று போனில் கேட்டேன்.

“இல்லத்துல நாள் பூரா பெல் அடிச்சு என்னையக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்கம்மா. தண்ணிக்கு அடியில யாரும் கூப்பிட முடியாது. அவ்வளவு அமைதி. ஒரு தடவை நீ வந்து என்கூட முங்கு. புதுசா வர்றவங்களை, கரைக்குப் பக்கத்துலயே, ஆளோட கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. நீச்சல்கூட வேணாம். உடம்புல தண்ணி படாத உடுப்பு குடுப்பாங்க. வருவியா?”

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது, அதனால் சொன்னேன். சொன்ன பிறகு, தேதி குறிக்கும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். தண்ணீர் விஷயத்தில் இந்த வீட்டில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

எங்களுக்கு நீளமான விடுமுறை என்றால் ஏப்ரலில் வரும் தின்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்குத்தான். அந்தப் பத்து நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஆபீஸில் பழைய சரக்குப் பட்டியல்களின் பின்பக்கங்களை ஒட்டி, கட்டிலளவுக்கு ஒரு காகிதம் தயாரித்தேன். மேலே தேதி, பக்கவாட்டில் மணி. நீரோட்டம் வேகமாக இருக்கும் நேரத்துக்குச் சிவப்பு, தண்ணீர் நின்று நிதானிக்கும் நேரத்துக்குப் பச்சை. பச்சையில்தான் முங்க வேண்டும். இது எல்லாக் கடலுக்கும் பொது.

நான் ஜப்பான் அட்டவணையைத் தேடவில்லை. இன்டர்நெட் ஒரு நாள் வரும், மூன்று நாள் வராது. அதற்காகக் காத்திருப்பானேன், கையில் ரங்கூன் அட்டவணை இருக்கும்போது? ஜப்பான் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆக, ரங்கூன் ஏற்றத்தோடு இரண்டரை மணியைக் கூட்டினால் ஜப்பான் ஏற்றம். இதை நான் கண்டுபிடித்த அன்று எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது. என் கணவரிடம் விளக்கினேன். அவர் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார்.

“நல்லா கலர் பண்ணிருக்கே,” என்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா தமிழர், அம்மா பர்மியர். டாக்ஸி ஓட்டுகிறார். பர்மிய மொழியில்தான் யோசிப்பார். தமிழ் என்னைக் கல்யாணம் செய்த பிறகு வந்தது, அதுவும் தேவைக்கு மட்டும். நான் அவரை இங்கத்து வழக்கப்படி ‘அகோ’ என்று கூப்பிடுவேன். சுவரில் தொங்கும் பர்மியக் காலண்டரைப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டார். அதில் வளர்பிறை எத்தனை, தேய்பிறை எத்தனை என்று போட்டிருக்கும். எந்த நாள் ஆகாத நாள் என்றும் போட்டிருக்கும். அதற்குப் பியத்தடா என்று பெயர்.

பௌர்ணமியும் அமாவாசையும் ஒட்டி ஓட்டம் கடுமை, அரைநிலா நாட்களில் சாந்தம் என்று நான் விளக்கியபோது மட்டும் அவர் முகம் மலர்ந்தது. வளர்பிறை எட்டும் தேய்பிறை எட்டும் அவர் புத்த முறைப்படி சீலம் காக்கிற நாட்கள். மத்தியானத்துக்கு மேல் சாப்பிட மாட்டார்.

“பாரு, சீல நாள்ல தண்ணியே அடங்கிடுது. நீயும் கொஞ்சம் அடங்கு,” என்றார்.

முதல் வருடம் தின்ஜான் சரியாகப் பௌர்ணமியில் வந்து விழுந்தது. காகிதம் முழுக்கச் சிவப்பு. மகளுக்குப் போன் போட்டேன். “இந்த வருஷம் ஓட்டம் சரியில்லைடி. ஆளை இழுத்துட்டுப் போயிரும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.” அவள், “சரிம்மா,” என்றாள். அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

இரண்டாம் வருடம் அரைநிலா வந்தது. காகிதம் வயல் மாதிரிப் பச்சையாக இருந்தது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். புறப்பட வேண்டிய நாள் பியத்தடா. நான் முருகனைக் கும்பிடுகிறவள். பியத்தடாவுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அந்த நாள்களில்தான் வேண்டுமென்றே புதுப் புடவை கட்டுவேன். ஆனால் அன்று அந்தக் கட்டத்தின் முன்னால் கைகட்டி நின்று, “பெரியவங்க ஒண்ணும் இல்லாமலா எழுதி வச்சாங்க?” என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “மறுநாள் போலாமே. மறுநாள் நல்ல நாள்.”

“மறுநாளைக்கு டிக்கெட் இருக்காது,” என்றேன். இருக்கிறதா என்று நான் கேட்கவேயில்லை.

அந்த வருடமும் மகள், “சரிம்மா,” என்றாள். திருவிழா நாலு நாளும் தெரு முழுக்கப் பாட்டும் தண்ணீருமாக இருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே போன என் கணவர் சொட்டச் சொட்ட நனைந்து வந்து, இடுப்பில் கட்டிய ஈர லோன்ஜியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதையாவது சொல்லித் தொலைத்திருந்தால் நான் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

மூன்றாம் வருடம், தப்ப முடியாது என்று நினைத்து, குளிருக்குப் பழகுவது என்று முடிவு செய்தேன். மார்ச் மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிறது. வாசலில் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றை நிறுத்தி, தண்ணீர் நிரப்பி, சாக்கில் சுற்றிய ஐஸ் பாளம் இரண்டை அவர் கொண்டுவந்து போட்டார். நான் அவருடைய மழைக்கோட்டை மாட்டி, கழுத்தையும் மணிக்கட்டையும் சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறினேன். தண்ணீர் படாத உடுப்புக்கு இதுதான் எங்கள் ஊர்ப் பதிப்பு.

அதற்குள் பக்கத்து வீட்டு பர்மிய அம்மாள் வந்துவிட்டாள். எங்கள் கோயிலில் தீமிதி, வேல் குத்துவது எல்லாம் வருடா வருடம் முன்வரிசையில் நின்று பார்க்கிறவள். டிரம்மையும் ஐஸையும் என்னையும் பார்த்தாள். உடனே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி, “சாது, சாது, சாது,” என்றாள், புண்ணியம் செய்கிறவர்களை வாழ்த்துகிற மாதிரி.

“இது நேர்த்திக்கடன் இல்லைம்மா,” என்று பர்மிய மொழியில் கத்தினேன். அடக்கத்தால் மறைக்கிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு ஓடிப்போய் மல்லிகைச் சரம் கொண்டுவந்து டிரம்மைச் சுற்றிக் கட்டினாள். அப்படியே தன் முழங்கால் வலிக்காகவும் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கும்படி கேட்டுக்கொண்டாள்.

கடியாரத்தோடு நின்ற என் கணவர், “போ,” என்றார். இறங்கினேன். மழைக்கோட்டின் தையல் வழியாக ஐஸ் தண்ணீர் உள்ளே புகுந்தது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும், எனக்குத் தெரியாத சிலரையும் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் அருள் வந்துவிட்டது என்று தரையில் விழுந்து கும்பிட்டாள். என்னைத் தூக்கி வெளியே எடுத்தபோது அவர் கடியாரத்தைப் பார்த்துச் சொன்னார்: “பதினேழு செகண்டு.”

முழங்கால் வலி குறைந்துவிட்டதாக மறுநாள் அந்த அம்மாள் தெரு முழுக்கச் சொன்னாள். அதற்கு நான் பொறுப்பில்லை.

அன்று சாயந்தரமே கம்பளியைப் போர்த்திக்கொண்டு காகிதத்தின் முன் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் தடை கிடைத்தது. அந்த வருடத் தின்ஜானில் தண்ணீர் நன்றாக நிற்கும் நேரமெல்லாம் இருட்டில் வருகிறது, பகலில் பெரும்பாலும் சிவப்பு. மகளைக் கூப்பிட்டேன். மகிழ்ச்சியாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

“பகல்ல ஓட்டம் பயங்கரம்டி. அடுத்த வருஷம்…”

அவள் இந்தத் தடவை சரிம்மா என்று சொல்லவில்லை. “இரும்மா, வீடியோ போடு,” என்றாள். வேலை முடிந்து நடந்துபோய்க்கொண்டிருந்தாள் போல. காது மூடிய குல்லா, சிவந்த மூக்கு. துறைமுகத்து ஓரமாகப் போய்க் குனிந்து போனைக் கீழே காட்டினாள். சிமெண்டுச் சுவர், அதில் பாசி பிடித்த ஈரப் பட்டை ஒன்று, அதற்குக் கீழே கடல்.

“தெரியுதா? இதுதான் இங்க ஏத்தமும் வத்தமும்.” சுவரில் கையை விரித்து வைத்தாள். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை. ஈரப் பட்டை அதற்குள் அடங்கிவிட்டது. “ஒரு சாண். அவ்வளவுதான்மா ஏறும். பௌர்ணமியானாலும் அவ்வளவுதான். நாங்க முங்குற இடத்துல ஓட்டமே கிடையாது. இங்க காத்துதான் கணக்கு. காத்து அடிச்சா அலை வரும், போக மாட்டாங்க. அடிக்கலைன்னா போவாங்க. அதையும் முந்தின நாள்தான் சொல்ல முடியும்.”

மூன்று வருடம், கட்டிலளவு காகிதம், இரண்டு டப்பா கலர் பென்சில். எனக்கு வரும் முதல் உணர்ச்சி எப்போதும் கோபம்தான், அதுதான் வந்தது.

“ஏன்டி, முதல் வருஷமே சொல்லித் தொலைச்சா என்ன?”

அவள் போனை முகத்துக்குத் திருப்பினாள். “சொன்னா நீ வேற காரணம் தேடுவேன்னு எனக்குத் தெரியும்மா. இதுலயாவது என்கூட நிறையப் பேசுனே.”

அவள் சொன்னது உண்மை. தண்ணீருக்குப் பயந்தேன், அது பாதிதான். மீதிப் பாதியை நான் என்னிடமே சொன்னதில்லை. போய்ப் பார்த்தால் திரும்பி வர வேண்டும். மிங்கலாடோனில் ஒருமுறை அவளை விட்டுவிட்டு வந்தேன். அதை இன்னொருமுறை என்னால் செய்ய முடியாது என்று பயந்தேன். போகாமலே இருந்துவிட்டால் பிரிய வேண்டியதில்லை பாருங்கள்.

என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “நாளைக்கு டிக்கெட் கேக்கப் போறேன்,” என்றார். “நான் வரலை. கரண்ட் வர்ற நேரம் பாத்து மோட்டர் போட்டுத் தண்ணி ஏத்த ஆள் வேணும். நீ போ.”

ஆபீஸில் தின்ஜான் விடுமுறையோடு சில நாள் கூடுதலாகக் கேட்ட விடுப்புக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் ‘மகள்’ என்று மட்டும் எழுதினேன். மேலாளர் வேறொன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

பாங்காக், டோக்கியோ, அப்புறம் ஒரு சின்ன விமானம். வெளியே வந்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஏதோ புது சோப்பு வாசனை அடித்தது. அதற்கே எனக்கு அழுகை வந்தது. குளிரால் கண்ணில் தண்ணீர் வருகிறது என்றேன். அவளுடைய அறை எங்கள் ஆபீஸ் சரக்கு லிஃப்டைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு தட்டு, ஒரு டம்ளர் வைத்திருந்த இடத்தில் எனக்காக இன்னொரு தட்டும் டம்ளரும் வாங்கி, விலைச் சீட்டுக்கூடக் கிழிக்காமல் வைத்திருந்தாள்.

முதல் மூன்று நாளும் காற்று. முங்கக் கூட்டிப்போகும் ஆள் ஒவ்வொரு காலையும் துறைமுகத்தில் நின்று கடலைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார், இரண்டு கையையும் குறுக்காக வைத்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போயிற்று. நாங்கள் அறைக்குத் திரும்பி, பருப்புக் குழம்பு வைத்துச் சாப்பிட்டு, ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினோம்.

நாலாம் நாள் கடல் தகடாகக் கிடந்தது. உடுப்பின் கழுத்து ரப்பருக்குள் என் தலையை நுழைக்க மகள் முன்னாலிருந்து இழுக்க, அந்த ஆள் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. என் கொண்டை ஒருபுறம், காது ஒருபுறம் போயிற்று. இடுப்பில் ஈயக் கட்டிகள் கட்டினார்கள். இரண்டு ஆள் ஆழம்கூட இருக்காது. உள்ளே இறங்கியதும் உடுப்பிலிருந்த காற்றெல்லாம் காலுக்கு ஓடி, என் கால் மேலேயும் தலை கீழேயும் ஆகிவிட்டது. தலைகீழாகவே ஒரு குண்டு மீனை நேருக்கு நேர் பார்த்தேன். அதன் மூஞ்சி எங்கள் மேலாளர் மூஞ்சி மாதிரியே இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து என்னை நிமிர்த்தினார்கள். கன்னத்தில் குளிர் ஊசியாகக் குத்தியது. கடற்பாசி மெதுவாக ஆடியது. பெல் இல்லை, போன் இல்லை, என் குரலும் இல்லை. மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே வந்தபோது ஆறு நிமிடம் ஆகியிருந்ததாம். நான் வாழ்க்கையில் தொடர்ச்சியாகப் பேசாமலிருந்தது அந்த ஆறு நிமிடம்தான் என்று அவள் அப்பாவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னாள்.

மற்ற நாட்கள் எப்படிப் போயின என்று தெரியவில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நாளைக்குப் பெரிய காத்து அடிக்குமாம்,” என்றாள், தலை நிமிராமல். “பிளேன் போறது சந்தேகம்தான். டிக்கெட்டை ஒரு மூணு நாள் தள்ளிப் போட்டா நல்லது.”

போனை வாங்கிப் பார்த்தேன். ஜப்பானிய எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் நாளைய தேதிக்கு நேரே ஒரு முழுச் சூரியனும், காற்றுக்கு நேரே ஒன்று என்ற எண்ணும் இருந்தன. வெளியே கொடியில் போட்டிருந்த துணி அசையாமல் தொங்கியது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாடி, பயங்கரமான காத்துதான்,” என்றேன். மடித்து வைத்த புடவைகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன்.

என் கணவருக்குப் போன் போட்டு, இங்கே காற்று பலமாக இருக்கிறது, மூன்று நாள் கழித்துத்தான் வர முடியும் என்று சொன்னேன். மறுமுனையில் தண்ணீர் மோட்டர் ஓடும் சத்தம் கேட்டது.

“வரட்டும்,” என்றார். “நல்லா அடிக்கட்டும்.”